இருபதுகள்ல எடை குறைப்பு ஆபரேஷன்: பண்ணிக்கலாமா வேணாமான்னு நான் முடிவெடுத்த விதம்

எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு இருபதுகள்ல இருக்குற யாராவது என்கிட்ட கேட்டா நான் அவங்க எடை எவ்ளோன்னு கேக்க மாட்டேன், தினமும் விட்டமின் மாத்திரை போடுவீங்களா, வருஷா வருஷம் ரத்தம் குடுத்து டெஸ்ட் பாப்பீங்களா, அதை அறுபது வயசானாலும் விடாம செய்வீங்களான்னு தான் கேப்பேன். ஆபரேஷன் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும். மாத்தி வச்ச வயித்தோட வாழுறது தான் மிச்ச காலம் பூரா. ஐம்பது வயசுல பண்ணிக்கிறவருக்கு அது இருபத்தஞ்சு முப்பது வருஷம், நமக்கு ஐம்பது அறுபது வருஷம். இந்தக் கணக்கை யாரும் உக்கார வச்சு நமக்கு சொல்றதில்ல, அதான் எழுதுறேன்.

என் நிலைமை என்னன்னா, சின்ன வயசுலேந்தே உடம்பு பெருசு தான். காலேஜ் முடிச்சப்போ பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோன்னு காட்டுற எண், 41, கூடவே டைப் 2 சுகர், பிசிஓடி, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா, படுத்தா நெஞ்சு எரிச்சல். டயட், ஜிம், நடை எல்லாம் பண்ணியாச்சு, குறையும், அப்புறம் குறைஞ்சதுக்கு மேலயே ஏறிடும். இதுக்கு காரணம் மன உறுதி இல்லாததுன்னு தான் எல்லாரும் சொல்வாங்க, ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனா உடம்பு எடையை இழந்ததும் பசி ஹார்மோன் ஏறும், வயிறு நிறைஞ்சதுன்னு சொல்ற சிக்னல் குறையும், எரிக்கிற கலோரியும் இறங்கிடும். அமெரிக்கால ஒரு டிவி எடை குறைப்பு போட்டில கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு சோதிச்சு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு, அவங்க உடம்பு அந்த சைஸுக்கு எரிக்க வேண்டியதை விட நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியா எரிச்சிட்டிருந்துச்சு, ஆறு வருஷம் ஆகியும். இதை படிச்சப்புறம் தான் "இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடா இருந்தா போதும்"ங்கிற பேச்சை நான் காதுல வாங்குறதை நிறுத்தினேன். கட்டுப்பாடு வேணும் தான், ஆனா உடம்பே எதிர்த்து நிக்கும்போது அது மட்டும் பத்தாது.

யாருக்கு இந்த ஆபரேஷன் பண்ணலாம்ங்கிற விதி பத்தி ஒரு விஷயம். ரொம்ப காலமா 1991ல அமெரிக்கால போட்ட விதி தான் ஓடிட்டிருந்துச்சு, பிஎம்ஐ 40க்கு மேல, இல்லன்னா 35க்கு மேல இருந்து கூட நோயும் இருக்கணும். 2022ல ரெண்டு பெரிய சர்ஜன் சங்கங்கள் சேந்து அதை மாத்தினாங்க, 35க்கு மேல இருந்தாலே பரிந்துரைக்கலாம், சுகர் மாதிரி நோய் இருந்தா 30லேந்தே யோசிக்கலாம், ஆசிய உடல்வாகு இருக்குறவங்களுக்கு 27.5லேந்தே பேசலாம்னு. நமக்கெல்லாம் கம்மி எடையிலயே சுகர் வந்துடுறதால அந்த கடைசி எண் முக்கியம். ஆனா தகுதி இருக்குங்கிறதும் பண்ணிக்கணும்ங்கிறதும் வேற வேற, இதை கலந்துடாதீங்க.

வயசு கம்மியா இருக்குறது நல்லதா கெட்டதா? நான் ரொம்ப நாள் மண்டைய உடைச்சுக்கிட்டது இங்க தான். பெரியவங்களுக்கு ஆதாரம் நிறைய இருக்கு, ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பண்ணிக்காதவங்கள விட கம்மியா செத்திருக்காங்கன்னு 2007ல காட்டினாங்க, ஆனா அதுல சேந்தவங்க 37லேந்து 60 வயசு வரைக்கும். நம்ம வயசுக்கு கிட்ட வர்றது டீன்-லேப்ஸ்னு அமெரிக்கால நடந்த ஆய்வு. 13 முதல் 19 வயசுல வயித்து பைபாஸ்ங்கிற எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 161 பேரையும், சின்ன வயசுலயே குண்டாகி ஆனா பெரியவங்களானப்புறம் பண்ணிக்கிட்ட 396 பேரையும் அஞ்சு வருஷம் கழிச்சு ஒப்பிட்டு 2019ல வெளியிட்டாங்க. எடை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தான் குறைஞ்சிருந்துச்சு. ஆனா சுகர் இருந்தவங்கள்ல இளையவங்களுக்கு 86 சதவீதம் பேருக்கு அது அடங்கிடுச்சு, பெரியவங்களுக்கு 53 சதவீதம் தான். பிரஷர் அடங்கினது இளையவங்களுக்கு 68 சதவீதம், பெரியவங்களுக்கு 41. அதாவது நோய் உடம்புல வேர் விடுறதுக்குள்ள பண்ணா அது பின்வாங்குது.

அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதை விளம்பரத்துல போட மாட்டாங்க. இரும்புச் சத்து கையிருப்பு குறைஞ்சது இளையவங்களுக்கு 48 சதவீதம், பெரியவங்களுக்கு 29. வயித்துல மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதும் இளையவங்களுக்கு தான் அதிகம். மாத்திரைய ஒழுங்கா போடாதது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க, நம்ம வயசுல உடம்பு நல்லா இருக்குன்னு தோணின உடனே மாத்திரைய நிறுத்திடுறது சகஜம் தானே. அதனால தான் நான் ஆரம்பத்துலயே அந்தக் கேள்விய கேக்குறேன்.

எடை குறைக்கிற ஊசி மருந்து இருக்கே, அது போதாதா? இப்போ எல்லாரும் கேக்குறது இது, நியாயமான கேள்வி தான். செமாகுளுடைட் ஊசில சோதனைல சராசரியா உடல் எடைல 15 சதவீதம் கிட்ட குறைஞ்சது, டிர்செபடைட் அதிகபட்ச டோஸ்ல சுமார் 20 சதவீதம். ஆபரேஷன்ல பொதுவா 25லேந்து 30 சதவீதம். ஆனா செமாகுளுடைட் நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு, அதனால அதுவும் நீண்ட கால மருந்து தான். நான் ஊசி போட்டு பாத்தேன், குறைஞ்சது, ஆனா வாந்தி என்னை படுத்தி எடுத்துடுச்சு, டோஸ் ஏத்தவே முடியல. அது ஒத்துக்கிட்டு நோயும் கட்டுக்குள்ள வந்திருந்தா நான் கண்டிப்பா அதோடயே நின்னிருப்பேன். பிஎம்ஐ 32, 33ல இருக்குற ஒருத்தர் மருந்தை முயற்சி பண்ணாம நேரா ஆபரேஷன் டேபிளுக்கு போறது எனக்கு அவசரமா தான் தெரியுது.

அடுத்து எந்த ஆபரேஷன். டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பரை திருப்பி பின்பக்கத்துல ரெண்டு வயிறு வரைஞ்சார். முதல் வயித்துல மேலேந்து கீழ வரைக்கும் ஒரு வளைஞ்ச கோடு இழுத்து வெளிப்பக்கம் இருந்த பெரிய பகுதிய பேனாவால கோடு கோடா அடிச்சார், "இது ஸ்லீவ், இந்த முக்கால் பங்குக்கு மேல வெட்டி வெளிய எடுத்துருவோம், மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், எடுத்ததை திரும்ப வைக்க முடியாது"ன்னார். பசியை தூண்டுற க்ரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்குறது அந்த வெட்டுற பகுதில தான், அதனால பசியும் குறையுது. ரெண்டாவது வயித்துல உச்சில கோழி முட்டை விட சின்னதா ஒரு பை, சுமார் 30 மில்லி, அதை சிறுகுடலை தூக்கிட்டு வந்து நேரா இணைச்சு வரைஞ்சார், மிச்ச வயிறு உள்ளயே இருக்கும் ஆனா சாப்பாடு அது வழியா போகாது, இது பைபாஸ்.

உலகம் பூரா இப்போ அதிகம் நடக்குறது ஸ்லீவ் தான், சிம்பிள், குடல்ல கை வைக்க வேணாம், சத்து குறைபாடும் பைபாஸை விட கம்மி. நானும் ஸ்லீவ்னு தான் மனசுல வச்சிருந்தேன். வாய் வழியா கேமரா விட்டு என்டோஸ்கோபி பண்ணி பாத்தா உணவுக்குழாயோட அடிப்பகுதி அமிலத்தால புண்ணாகி இருந்துச்சு. ஸ்லீவ் பண்ணா மிச்சமிருக்குற வயித்துக் குழாய்க்குள்ள அழுத்தம் கூடி நெஞ்சு எரிச்சல் மோசமாகலாம், சிலருக்கு புதுசாவே வரும், அதுக்காகவே பின்னாடி பைபாஸா மாத்திக்கிறவங்க இருக்காங்க. பைபாஸ் அதுக்கு நேர்மாறு, எரிச்சலை குறைக்கும். இன்னும் ஐம்பது வருஷம் அமிலம் மேல ஏறிட்டே இருக்குற குழாயோட வாழ எனக்கு இஷ்டமில்ல, அதனால பைபாஸ்னு முடிவாச்சு. இதுல என் கருத்து கறாரானது: என்டோஸ்கோபி பாக்காமயே "உங்களுக்கு ஸ்லீவ் போதும்"னு தேதி குடுக்குற இடத்துலேந்து எழுந்து வந்துருங்க.

வீட்டுல அம்மா தான் ரொம்ப பயந்தாங்க. "நல்லா இருக்குற வயித்த எதுக்குடி வெட்டணும், செத்து கித்து போயிட்டா நான் என்ன பண்ணுவேன்"னு அழுதாங்க. நான் வாய்ல எவ்ளோ சொன்னாலும் எடுபடல, அதனால அடுத்த தடவை கூடவே கூட்டிட்டு போனேன். அம்மா டாக்டர்கிட்ட நேரடியாவே கேட்டாங்க, "எத்தனை பேர் சாவாங்க சார்?" அவர் மழுப்பல, நல்ல அனுபவம் உள்ள இடத்துல ஆயிரத்துல ஒருத்தர் கிட்ட, பித்தப்பை எடுக்குற ஆபரேஷனோட ஒப்பிடுற அளவு தான், ஆனா தையல் போட்ட இடம் கசியலாம், ரத்தம் வரலாம், கால்ல ரத்தக் கட்டி வந்து நுரையீரலுக்கு போகலாம், அதுக்குத்தான் அன்னிக்கே எழுப்பி நடக்க வைப்போம்னு ஒவ்வொண்ணா சொன்னார். அம்மா வெளிய வந்து ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "உண்மையைச் சொல்ற டாக்டர்"ன்னாங்க, அவ்ளோ தான். வீட்டுல யாருக்காவது பயம்னா அவங்க கிட்ட வாதாடாதீங்க, டாக்டர் முன்னாடி உக்கார வச்சு அவங்களையே கேக்க விடுங்க.

மனநல ஆலோசகர் கிட்ட பேசச் சொன்னப்போ எதுக்கு இதுன்னு தோணுச்சு, ஆனா எனக்கு அதிகம் உதவினது அந்தப் பேச்சு தான். கோவம் வந்தா, தனியா இருந்தா நான் சாப்பாட்டைத் தான் தேடுவேன். அந்தத் துணை ஆபரேஷனுக்கப்புறம் இருக்காது, அந்த இடத்துல என்ன வைக்கப் போறேன்னு அவங்க கேட்டாங்க. இது சும்மா கேள்வி இல்ல, பைபாஸுக்கு அப்புறம் மது ரொம்ப வேகமா ரத்தத்துல ஏறும், சிலருக்கு ரெண்டாவது வருஷத்துக்கு மேல குடிப்பழக்கம் புதுசா வருது, தற்கொலை எண்ணமும் ஒரு சிறு பகுதி பேருக்கு அதிகமாகுறதா ஆய்வுகள் சொல்லுது. எடை குறைஞ்சா மனசும் தானா சரியாகிடும்னு நினைக்காதீங்க. ஏற்கனவே மன அழுத்தம் இருந்தா முதல்ல அதுக்கு வைத்தியம், ஆபரேஷனுக்கு அப்புறமும் அந்த டாக்டர விடக்கூடாது. சாப்பிட்டுட்டு வேணும்னே வாந்தி எடுக்குற பழக்கம் இருக்குறவங்க, போதைப் பழக்கத்துல இருக்குறவங்க, ஒரு வருஷத்துக்குள்ள குழந்தை வேணும்னு இருக்குறவங்க எல்லாம் கொஞ்சம் பொறுக்கணும். யாரோ ஒருத்தர் உங்களை ஒல்லியா பாக்கணும்னு அழுத்துறாங்க, அதுக்காகத் தான் போறீங்கன்னா, தயவுசெஞ்சு போகாதீங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கிட்ட கலோரி ரொம்ப கம்மியான டயட், கல்லீரல் சுருங்கணும், இல்லன்னா அது வயித்து மேல படுத்துக்கிட்டு சர்ஜனுக்கு வேலை செய்ய இடம் இருக்காது. சிகரெட் இருந்தா நிறுத்தியே ஆகணும், இணைச்ச இடத்துல அல்சர் வரும்.

முதல் வாரங்கள் பத்தி சொல்றேன். மருந்து ஊத்துற சின்ன பிளாஸ்டிக் கப் குடுத்தாங்க, 30 மில்லி. அதுல தண்ணி ஊத்தி ஒரு சிப், கொஞ்ச நேரம் நிறுத்தி அடுத்த சிப், அந்த ஒரு கப் முடிய கால் மணி நேரம். காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் இதே வேலை, ஏன்னா ஒரே மடக்குல குடிக்க முடியாது, ஆனா ஒண்ணரை லிட்டர் கிட்ட உள்ள போகணும், இல்லன்னா தண்ணி சத்து குறைஞ்சு திரும்ப அட்மிட் ஆகணும். முதல்ல தெளிஞ்ச நீர், அப்புறம் கெட்டியான திரவம், அப்புறம் மசிச்சது, மெதுவானது, ஒண்ணரை ரெண்டு மாசத்துல சாதாரண சாப்பாடு. போதும்ங்கிறது எனக்கு வயித்துல தெரியல, மூக்குல தெரிஞ்சுச்சு. திடீர்னு மூக்கு ஒழுகும், நெஞ்சுக்கு நடுவுல ஒரு இறுக்கம் வரும், அங்கயே நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரே ஒரு வாய் போனாலும் வெளிய வந்துரும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் கழிச்சு தான். இனிப்பு கொஞ்சம் அதிகமானா டம்பிங்னு ஒண்ணு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்த்து கொட்டும், படுத்தே ஆகணும்.

சுகர் மட்டும் என்னை அசர வச்சுச்சு. எடை பெருசா இறங்குறதுக்கு முன்னாடியே மாத்திரைய குறைச்சாங்க. குடல் வழி மாறினதால ஹார்மோன் மாறுது, எடைக்காக காத்திருக்கிறதில்ல அது. இதனாலேயே சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்க பழைய டோஸை அப்படியே தொடரக்கூடாது, லோ சுகர் ஆகிடும், டிஸ்சார்ஜ் ஆகும்போதே புது டோஸ் என்னன்னு எழுதி வாங்கிக்குங்க.

அப்புறம் மூணாவது மாசம் வாக்குல முடி கொட்ட ஆரம்பிக்கும், சீப்புல கொத்து கொத்தா வரும், பயங்கரமா இருக்கும், ஆனா வேர் சாகுறதில்ல, சில மாசத்துல திரும்ப முளைக்கும். புரதம் நாளைக்கு 60லேந்து 80 கிராம் போகணும், தட்டுல முதல்ல அதைத் தான் சாப்பிடணும். எடை வேகமா குறையும்போது பித்தப்பைல கல் வரலாம், அதுக்கு தடுப்பு மாத்திரை ஆறு மாசம் குடுப்பாங்க. தோல் தொங்கும், எக்சர்சைஸ் பண்ணா தசை வரும், தொங்குற தோல் முழுசா போகாது, இதை முன்னாடியே மனசுல ஏத்திக்குங்க. நான் பழைய போட்டோவுல இருக்குற யாரோ மாதிரி ஆகப் போறதில்லன்னு தெரிஞ்சு தான் போனேன், அதனால அது என்னை உடைக்கல.

மாத்திரை: மல்டிவிட்டமின், பி12, இரும்பு, விட்டமின் டி, கால்சியம் சிட்ரேட். கால்சியத்தையும் இரும்பையும் சேத்து போடக்கூடாது, ஒண்ணு இன்னொண்ண உறிய விடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். நான் போன்ல அலாரம் வச்சு ஓட்டுறேன். விடாம வாந்தி வந்துட்டே இருந்தா வீட்டுல பொறுத்துட்டு கிடக்காதீங்க, தயமின்ங்கிற விட்டமின் பி1 குறைஞ்சு மூளை நரம்பு பாதிக்கும், அது சில வாரத்துலயே நடந்துரும். வலி மாத்திரைல ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை பைபாஸ்காரங்களுக்கு ஆகாது, அல்சர் வரும், பாராசிட்டமால் ஓகே.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு. பிசிஓடி இருந்து பீரியட்ஸ் வராம இருந்தவங்களுக்கு எடை குறைஞ்சதும் திடீர்னு சரியாகிடும், கரு தங்குற வாய்ப்பு கூடிடும், ஆனா 12லேந்து 18 மாசம் வரைக்கும் கர்ப்பம் கூடாது, உடம்புல சத்து பத்தாது. பைபாஸ் பண்ணவங்களுக்கு கருத்தடை மாத்திரை சரியா உறிஞ்சப்படாம போகலாம், வேற முறை எதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கூச்சப்படாம கேளுங்க. எனக்கு இதை யாரும் சொல்லல, நானா படிச்சு கேட்டப்போ தான் சொன்னாங்க, இளம் பொண்ணுங்க கிட்ட இதைப் பேச ஏன் தயங்குறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

எடை ஒண்ணரை ரெண்டு வருஷத்துல ஒரு அடிமட்டத்துக்கு வந்து நிக்கும், அப்புறம் கொஞ்சம் ஏறும், நிறைய பேருக்கு ஏறும். 120 கிலோ இருந்தவர் 85, 90 கிலோல நிக்குறது நல்ல ரிசல்ட், 60 வரும்னு எதிர்பாத்தா அந்த நல்ல ரிசல்ட்டும் தோல்வியா தெரியும். எனக்கும் அடிமட்டத்துலேந்து கொஞ்சம் ஏறிருக்கு. ராத்திரி ஸ்லீப் ஆப்னியாவுக்கு மாட்டுற மூச்சு மெஷின் இல்லாம தூங்குறேன், சுகர் மாத்திரை இல்ல, நெஞ்சு எரியல. இதுக்குத் தான் பண்ணிக்கிட்டேன்.

டாக்டர் கிட்ட போகும்போது இதெல்லாம் கேளுங்க: வருஷத்துக்கு எத்தனை ஆபரேஷன் பண்றீங்க, கசிவு வந்தா இங்கயே பாப்பீங்களா, ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யாருக்கு போன் பண்ணணும், டயட்டீஷியன் எவ்ளோ காலம் கூட இருப்பாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு உங்க பேஷண்ட்ல எத்தனை பேர் இன்னும் செக்கப்புக்கு வர்றாங்க. கடைசி கேள்விக்கு பதில் சொல்லத் திணறினா அந்த இடம் ஆபரேஷனை மட்டும் தான் பாக்குதுன்னு அர்த்தம்.

நம்ம வயசுல வேலைக்காக, படிப்புக்காக ஊர் ஊரா போவோம், ஆபரேஷன் பண்ண டாக்டர் எப்பவும் பக்கத்துல இருக்க மாட்டார். அதனால என்ன ஆபரேஷன், என்னிக்கு, குடலை எவ்ளோ நீளத்துல இணைச்சாங்கங்கிற ஆபரேஷன் நோட்ஸை வாங்கி போன்ல போட்டோவா வச்சுக்குங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு வருஷங்கள் கழிச்சும், எடை நல்லா குறைஞ்சப்புறம் உள்ள உண்டான இடைவெளில குடல் போய் மாட்டிக்கலாம், விட்டு விட்டு வர்ற கடுமையான வயித்து வலி அதோட அறிகுறியா இருக்கலாம். கேஸ்னு சொல்லி ஊசி போட்டு அனுப்புறதுக்கு முன்னாடி "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கு, சிடி ஸ்கேன் எடுத்து ஒரு சர்ஜன் பாக்கணும்"னு நீங்களே வாயத் திறந்து சொல்லணும். கூட இருக்குற ஃபிரெண்டுக்கோ வீட்டுல ஒருத்தருக்கோ இதே வாக்கியத்தை சொல்லி வைங்க, வலில உங்களால பேச முடியாம போகலாம்.